வண்டி அதிருதா? பார்ட்ஸை மாத்துறதுக்கு முன்னாடி ஏழு கேள்வி

நீண்ட பதிவு. நேரம் இருக்கும்போது பொறுமையா படிங்க. வீட்டுல ஒரு டிரைவர் இருந்தா அவருக்கும் அனுப்பி வைங்க.

"டாக்டருக்கு எதுக்குங்க மெக்கானிக் வேலை?"

நியாயமான கேள்வி. நான் படிச்சது எம்.பி.பி.எஸ். எனக்கு ஸ்பேனர் பிடிக்கத் தெரியாது. ஆனா பெரம்பலூர், அரியலூர் பக்கம் அரசு மருத்துவமனையில வேலை பார்க்கிற எந்த டாக்டரைக் கேட்டாலும் ஒண்ணு சொல்வார். ஓ.பி. வரிசையில இடுப்பைப் பிடிச்சுக்கிட்டு நிற்கிறவங்கள்ல டிரைவர்கள் ரொம்பப் பேர். சுண்ணாம்புக்கல் டிப்பர் ஓட்டுறவர், சிமென்ட் லோடு ஓட்டுறவர், பஸ் ஓட்டுறவர், வேன் ஓட்டுறவர்.

"வண்டி எப்படிண்ணே இருக்கு?"ன்னு கேட்டா பாதிப் பேர் சொல்ற பதில்: "கொஞ்சம் அதிரும் சார். பழகிப்போச்சு."

அந்த "பழகிப்போச்சு"க்காகத்தான் இந்தப் பதிவு.

என் கருத்தை முதல்லயே சொல்லிடுறேன். விடாம வர்ற அதிர்வு காய்ச்சல் மாதிரி, ஒரு அறிகுறி. காரணம் தெரியாம ஒவ்வொரு பார்ட்டா மாத்திப் பார்க்கிறது, காய்ச்சலுக்குக் காரணம் தெரியாம ரெண்டு நாளைக்கு ஒரு ஆன்டிபயாடிக் மாத்துறதுக்குச் சமம். காசும் போகும், நோயும் இருக்கும். அதையே பழக்கமாக்கிக்கிட்டு ஓட்டுறது இன்னும் ஆபத்து. இந்த ரெண்டுக்கும் நடுவுல ஒரு வழி இருக்கு. டிரைவர்கிட்ட ஒழுங்கா கேள்வி கேட்கிறது. நாங்க இதை "ஹிஸ்டரி எடுக்கிறது"ன்னு சொல்வோம்.

கேரவனும் நம்ம ஊர் வண்டிகளும்

கேரவன்னாலே சினிமா நடிகர்கள் ஷூட்டிங்ல உட்கார்ற வண்டின்னுதான் ரொம்ப நாளா நினைச்சிருந்தோம். இப்போ ஒரு டிராவலர் வேனை வாங்கி அதுக்குள்ள கட்டில், அடுப்பு, ஃப்ரிட்ஜ், தண்ணி டேங்க் எல்லாம் வச்சு குடும்பத்தோட ஊர் சுத்துறவங்க நம்ம பக்கமும் வந்துட்டாங்க.

நம்ம ரெண்டு மாவட்டத்துலயும் இந்த கேரவனுக்கு ரொம்ப நெருங்கின சொந்தம் ஒண்ணு இருக்கு. நடமாடும் மருத்துவ வாகனம். 2022-ல் தமிழக அரசு 389 நடமாடும் மருத்துவ வாகனங்களை ஓட விட்டது. வேப்பந்தட்டை, குன்னம், செந்துறை, ஆண்டிமடம்னு உள்கிராமம் வரைக்கும் மருந்து, மாத்திரை, பரிசோதனைக் கருவி, டாக்டர், நர்ஸ் எல்லாம் இதுலதான் போறாங்க. 2008 செப்டம்பர்ல ஆரம்பிச்ச 108 ஆம்புலன்ஸும் இதே சாதிதான்.

இந்த வண்டிகளுக்கெல்லாம் பொதுவா மூணு குணம்.

ஒண்ணு: எப்பவும் சுமையோட இருக்கும். சாதா வேன் ஆளை இறக்கிவிட்டா லேசாயிடும். இது லேசாகாது.

ரெண்டு: சுமை ஒரு பக்கமா இருக்கும். தண்ணி டேங்க், பேட்டரி, ஜெனரேட்டர், அலமாரி எல்லாம் உள்ளே இடம் கிடைச்ச பக்கத்துல வச்சதுதான்.

மூணு: ஓடுற நேரத்தைவிட நிற்கிற நேரம் அதிகம். டயர் தேயறதுக்கு முன்னாடியே வயசாகிடும்.

அதனாலதான் இந்த வண்டிகள்ல வர்ற அதிர்வு சுலபத்துல பிடிபடாது. டயர்ல பட்டன் நல்லா இருக்கும், இன்ஜின் சத்தம் நல்லா இருக்கும், ஆனா 70-ஐத் தாண்டினா ஃப்ளோர் நடுங்கும்.

அதிர்வுக்கும் நாடி உண்டு

நாடித் துடிப்பை எண்ணுற மாதிரி அதிர்வையும் எண்ணலாம். கணக்கு ரொம்ப சுலபம்.

இந்த மாதிரி வேன்கள்ல டயர் விட்டம் ஏறக்குறைய 70 சென்டிமீட்டர். ஒரு சுத்து சுத்தினா 2.2 மீட்டர் தூரம். 80 கிலோமீட்டர் வேகம்னா நொடிக்கு 22 மீட்டர். அப்போ டயர் நொடிக்கு 10 சுத்து சுத்துது. டயர்லயோ ரிம்லயோ ஒரு இடத்துல கோளாறுன்னா நொடிக்கு 10 தடவை தட்டும். கையால உணரக்கூடிய, தடதடன்னு வர்ற நடுக்கம் இது.

இன்ஜின்ல இருந்து பின் சக்கரத்துக்குப் போற புரபெல்லர் ஷாஃப்ட், சக்கரத்தைவிட ஏறக்குறைய 4 மடங்கு வேகமா சுத்தும். அதே 80-ல் நொடிக்கு 40 சுத்து. அங்கே கோளாறுன்னா தடதட வராது. கால்ல எறும்பு ஊர்ற மாதிரி "ம்ம்ம்"னு ஒரு ரீங்காரம் வரும்.

இன்ஜின் 2,400 ஆர்.பி.எம்.ல ஓடுதுன்னா நாலு சிலிண்டர் வண்டியில நொடிக்கு 80 வெடிப்பு. அது வண்டி ஓடுற வேகத்தைப் பொறுத்தது இல்லை, இன்ஜின் ஓடுற வேகத்தைப் பொறுத்தது.

ஆக, தடதடன்னா சக்கரம், ரீங்காரம்னா ஷாஃப்ட், நின்னாலும் இருந்தா இன்ஜின். நூத்துக்கு நூறு சரின்னு சொல்ல மாட்டேன். ஆனா எந்தப் பக்கம் தேடணும்னு இது காட்டிடும்.

இப்போ மொபைல்லயே வைப்ரேஷன் அளக்கிற ஆப் இருக்கு. போனை ஃப்ளோர்ல வச்சா நொடிக்கு எத்தனை துடிப்புன்னு கோடு போட்டுக் காட்டும். வண்டியோட ஈ.சி.ஜி.ன்னு வச்சுக்கோங்க. பார்க்க வேண்டியது பக்கத்துல உட்கார்ந்திருக்கிறவர். ஓட்டுறவர் போனைத் தொடக்கூடாது.

ஏழு கேள்வி

ஒர்க் ஷாப் போறதுக்கு முன்னாடி இதுக்கெல்லாம் ஒரு பேப்பர்ல பதில் எழுதுங்க.

1. எந்த வேகத்துல வருது?
70, 80 வாக்குல வந்து, அதைத் தாண்டினா குறைஞ்சிடுதா? முதல் சந்தேகம் வீல் பேலன்சிங். 20, 30-லயே வண்டி லேசா ஆடி ஆடிப் போகுதா? ரிம் வளைஞ்சிருக்கலாம். டயருக்குள்ள இருக்கிற கம்பி அடுக்கு பிரிஞ்சிருக்கலாம். ரெண்டாவது காரணம் ஆபத்தானது. தள்ளிப் போடாதீங்க.

2. எங்கே தெரியுது?
ஸ்டீயரிங்ல தெரிஞ்சா முன் சக்கரம். சீட்டுலயும் ஃப்ளோர்லயும் தெரிஞ்சா பின் சக்கரம் அல்லது ஷாஃப்ட். பிரேக் பெடல்ல தெரிஞ்சா டிஸ்க், டிரம். "எங்கே வலிக்குது, ஒரு விரலால காட்டுங்க"ன்னு நாங்க கேட்கிறோமே, அதே கேள்விதான்.

3. எப்போ ஆரம்பிச்சது? அதுக்கு முன்னாடி வண்டியில என்ன வேலை நடந்தது?
ஏழுல ஒண்ணுதான் கேட்க முடியும்னா நான் இதைத்தான் கேட்பேன். பஞ்சர் ஒட்டின மறுநாளா? வீல் நட் சரியா உட்காராம இருக்கலாம். கிளட்ச் வேலைக்கு ஷாஃப்டை இறக்கி ஏத்தினதுக்கு அப்புறமா? கழட்டும்போது அடையாளம் போடாம, பழைய நிலைக்கு மாத்தி மாட்டியிருக்கலாம். பட்டை கூடப் போட்டு வண்டியை உயர்த்தினீங்களா? ஷாஃப்ட் நிற்கிற கோணமே மாறியிருக்கும். ஆபரேஷனுக்கு அப்புறம் காய்ச்சல் வந்தா ஆபரேஷன் பண்ண இடத்தைத்தானே முதல்ல பார்ப்போம்?

4. என்ன செஞ்சா கூடுது, என்ன செஞ்சா குறையுது?
ஆக்சிலரேட்டர் மிதிச்சா கூடுதா? ஷாஃப்ட்ல இருக்கிற கிராஸ், சென்டர் பேரிங்கைப் பார்க்கச் சொல்லுங்க. பிரேக் பிடிச்சா மட்டும் வருதா? பிரேக்கைப் பாருங்க. ஆள் நடமாட்டம் இல்லாத நேரான ரோட்டுல, மெக்கானிக்கைப் பக்கத்துல வச்சுக்கிட்டு, அந்த வேகத்துலயே கிளட்ச்சை மிதிச்சுப் பாருங்க. அதிர்வு போயிட்டா இன்ஜின் பக்கம் தேடணும். போகலைன்னா சுத்துற பாகங்கள் பக்கம் தேடணும்.

5. வண்டி நிற்கும்போது வருதா?
நியூட்ரல்ல நிறுத்தி, அதே ஆர்.பி.எம். வரைக்கும் ரேஸ் கொடுங்க. அதே அதிர்வு வந்தா டயர் மேல பழி போடாதீங்க. இன்ஜின் மவுண்டிங் ரப்பர் போயிருக்கலாம், ஒரு சிலிண்டர் சரியா அடிக்காம இருக்கலாம்.

6. சுமை எவ்வளவு, எந்தப் பக்கம்?
அரியலூர்ல எடை மேடைக்கா பஞ்சம்? கல் லாரி போற ரோடெல்லாம் இருக்கு. வண்டியை முழுசா நிரப்பிக்கிட்டு போய் முதல்ல மொத்த எடை. அப்புறம் முன் சக்கரம் மட்டும், பின் சக்கரம் மட்டும் ஏத்தி எடை. இடம் இருந்தா இடது பக்கச் சக்கரங்கள், வலது பக்கச் சக்கரங்கள்னு தனித்தனியா. ஆர்.சி.யில போட்டிருக்கிற எடையோட ஒப்பிட்டுப் பாருங்க. கேரவன் வச்சிருக்கிறவங்களுக்கு இந்தச் சீட்டு ஒரு ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட் மாதிரி. நிறைய விஷயத்தைச் சொல்லிடும்.

7. டயருக்கு வயசு என்ன? வண்டியைக் கடைசியா அடியோட கழுவினது எப்போ?
டயர் பக்கவாட்டுல நாலு இலக்க எண் ஒண்ணு இருக்கும். 2319-ன்னு இருந்தா 2019-ஆம் வருஷம் 23-வது வாரம் செஞ்ச டயர்னு அர்த்தம். 6 வருஷம் ஆனா, பட்டன் இருந்தாலும் மாத்திடுங்கன்னு சில வாகனக் கம்பெனிகளே சொல்லுது. ஒரே இடத்துல நின்ன வண்டியோட டயர் அடிப்பக்கம் தட்டையாகி, முதல் சில கிலோமீட்டர் தடதடன்னு அடிக்கும். சூடாகி சரியானா பரவாயில்லை. ஆகலைன்னா டயரைக் கழட்டிப் பார்க்கணும்.

கழுவுறதை எதுக்குக் கேட்கிறேன்? நம்ம ஊர் மண்ணைப் பாருங்க. பருத்தியும் மக்காச்சோளமும் விளையற கரிசல். மழை நேரத்துல ஒரு காட்டு ரோட்டுல போயிட்டு வந்தா ரிம்முக்கு உள்பக்கம் அப்பிக்கும். காஞ்சா கல்லு மாதிரி. பேலன்சிங் பண்ணும்போது சில கிராம் ஈயத்தை வச்சுத்தான் சரிபண்றாங்க. அங்கே ஒரு பக்கம் அரைக் கிலோ மண்ணு ஒட்டியிருந்தா என்ன ஆகும்?

மலிவான டெஸ்ட் முதல்ல

தலைவலின்னு வந்தவுடனே எம்.ஆர்.ஐ. எழுதுற டாக்டரை நீங்க நம்ப மாட்டீங்க. வண்டிக்கும் அதே விதிதான்.

முதல்ல வாட்டர் சர்வீஸ். ரிம் உள்பக்கம், ஷாஃப்ட், அடிப்பாகம் எல்லாம். அப்புறம் நாலு டயர்லயும் காத்து அளவு. அப்புறம் வீல் நட் டைட். அப்புறம் டயரைக் கையால தடவிப் பாருங்க, புடைப்பு, வெடிப்பு இருக்கான்னு. அப்புறம் பேலன்சிங்.

அடுத்து ஒரு அருமையான டெஸ்ட். முன் டயரைப் பின்னாடியும் பின் டயரை முன்னாடியும் மாத்திப் போடுங்க. ஃப்ளோர்ல தெரிஞ்ச நடுக்கம் ஸ்டீயரிங்குக்கு வந்துட்டா குற்றவாளி டயர்தான்னு கிட்டத்தட்ட முடிவாயிடும். புது டயர் வாங்காமலே காரணம் தெரிஞ்சுபோச்சு.

இதெல்லாம் முடிஞ்சும் போகலைன்னா ஷாஃப்ட், கிராஸ், பேரிங், மவுண்டிங். ஒரு நேரத்துல ஒண்ணுதான் மாத்தணும். நாலை ஒரே நாள்ல மாத்தினா எதனால சரியாச்சுன்னு தெரியாது. மறுபடி வந்தா மறுபடி நாலுக்கும் பில் வரும்.

எப்போ உடனே நிறுத்தணும்?

நேத்து வரைக்கும் இல்லாத அதிர்வு இன்னைக்குத் திடீர்னு வந்து, போகப் போகக் கூடிக்கிட்டே இருக்குன்னா "ஊர் போய்ப் பார்த்துக்கலாம்"னு நினைக்காதீங்க. பிரேக்கை ஓங்கி மிதிக்காம, மெதுவா வேகத்தைக் குறைச்சு ஓரம் கட்டுங்க. டயர் புடைச்சிருக்கா, நட் தளர்ந்திருக்கான்னு பாருங்க. ஒரு நட்டைச் சுத்தி துருக்கோடு வழிஞ்சிருந்தா அது தளர்ந்ததுக்கு அடையாளமா இருக்கலாம். சக்கரம் கழட்டி மாட்டினா 50-லிருந்து 100 கிலோமீட்டர் ஓடினதும் நட்டை மறுபடி ஒரு தடவை டைட் வைக்கணும்.

2000-ஆம் வருஷம் ஆகஸ்ட்ல அமெரிக்காவுல ஃபயர்ஸ்டோன் கம்பெனி 65 லட்சம் டயர்களைத் திரும்ப வாங்கினது. ஓடும்போதே டயரோட மேல் அடுக்கு பிரிஞ்சு வண்டிகள் உருண்டன. 200 பேருக்கு மேல இறந்தாங்க. இந்த மாதிரி அடுக்கு பிரியறதுக்கு முன்னாடி வண்டி பல நேரம் நடுங்கிக் காட்டும். அந்த நடுக்கம்தான் நமக்குக் கிடைக்கிற அவகாசம்.

இப்போ என் துறைக்கு வர்றேன்

மனுஷ உடம்பு மேலும் கீழுமா வர்ற அதிர்வுல நொடிக்கு 4-லிருந்து 8 வரைக்கும் இருக்கிற துடிப்புக்குத்தான் ரொம்ப பாதிக்கப்படும். உட்கார்ந்திருக்கும்போது முதுகுத்தண்டு அந்தத் துடிப்போட சேர்ந்து ஆடும். ஊஞ்சலைச் சரியான நேரத்துல தள்ளினா ஆட்டம் கூடுதே, அது மாதிரி.

மேலே போட்ட கணக்கைத் திரும்பப் பாருங்க. 80-ல் நொடிக்கு 10 தட்டு. அப்போ 40-ல்? நொடிக்கு 5. நம்ம கிராமத்து ரோட்டுல அந்த வேன் பெரும்பாலும் போற வேகமே அதுதான். கோளாறான சக்கரம், டிரைவரோட முதுகுத்தண்டு எந்தத் துடிப்புல ஆடுமோ அதே துடிப்புல தட்டிக்கிட்டே இருக்கு. அதுவும் நாள் முழுக்க.

வருஷக்கணக்கா இப்படி உடம்பு முழுக்க அதிர்வு வாங்குறவங்களுக்கு இடுப்பு வலி அதிகம்னு பல நாட்டு ஆய்வுகள் சொல்லுது. ஐரோப்பாவுல 2002-லயே சட்டம் போட்டுட்டாங்க. 8 மணி நேர வேலைக்குக் கணக்கிட்டா அதிர்வு 0.5 மீட்டர்/நொடி² தாண்டினா முதலாளி நடவடிக்கை எடுக்கணும். 1.15 தாண்டவே கூடாது. இங்கே நம்ம டிப்பர் சீட்டுல மீட்டர் வச்சு அளந்ததை நீங்க பார்த்திருக்கீங்களா?

வண்டிக்குள்ள நோயாளி இருந்தா இன்னொரு பிரச்சினை. ஓடுற, நடுங்குற வண்டியில எடுத்த ஈ.சி.ஜி.யில ஆபத்தான இதயத் துடிப்புக் கோளாறு மாதிரியே பொய்க் கோடுகள் விழலாம். தானியங்கி பி.பி. மெஷினும் தப்பா காட்டலாம். ஓரம் கட்டி எடுங்கன்னு சொல்றது அதுக்குத்தான்.

டிரைவர் அண்ணன்களுக்கு ஒரு முக்கியமான விஷயம். இடுப்பு வலியோட கால் பலம் குறையுது, மலம் சிறுநீர் கட்டுப்பாடு போகுது, தொடை இடுக்குல உணர்ச்சி மரத்துப்போகுதுன்னா அன்னைக்கே மருத்துவமனைக்கு வரணும். ஊசி போட்டுக்கிட்டு மறுபடி வண்டி ஏறக்கூடாது. மத்தவங்க: சீட் ஃபோம் அமுங்கிப்போச்சுன்னா மாத்தச் சொல்லுங்க. நீண்ட ஓட்டத்துக்கு அப்புறம் இறங்கினவுடனே பாரம் தூக்காதீங்க. அஞ்சு நிமிஷம் நடந்துட்டு அப்புறம் தூக்குங்க.

"ரோடு மோசம் டாக்டர், அதான்"

இதுதான் எல்லாரும் சொல்ற காரணம். ரோடு மோசம்தான், மறுக்கலை. கனரக லாரி ஓடுற ரோடு எப்படி இருக்கும்னு நமக்குத் தெரியாதா?

ஆனா இதையும் சோதிக்கலாம். ரோட்டால வர்ற அதிர்வு ரோடு மாறினா மாறும். வண்டியால வர்றது வேகம் மாறினா மாறும். பெரம்பலூர் வழியா போற திருச்சி–சென்னை நாலுவழிச் சாலையில ஏறிப் பாருங்க. வழவழன்னு இருக்கிற இடத்துலயும் அதே 70-ல் அதே நடுக்கம் வந்தா ரோடு நிரபராதி.

யார்கிட்ட என்ன கேட்கிறேன்?

வண்டி நிர்வாகம் பண்றவங்களுக்கு, அரசு வண்டியோ கம்பெனி வண்டியோ: லாக் புக்ல கிலோமீட்டர் எழுத கட்டம் இருக்கு, டீசல் எழுத கட்டம் இருக்கு. "அதிர்வு: எந்த வேகம், எந்த இடம், எப்போதிலிருந்து"ன்னு ஒரு கட்டம் சேர்க்க என்ன செலவு? அந்த வண்டியோட நாள் முழுக்க இருக்கிறவர் டிரைவர். கோளாறு முதல்ல தெரியறது அவர் முதுகுக்குத்தான். ஆனா பெரும்பாலும் அவரை யாரும் கேட்கிறதில்லை. அவர் சொன்னா "குறை சொல்றான்"னு பேர். நோயாளி பேச்சைக் கேட்காம டெஸ்ட் ரிப்போர்ட் மட்டும் பார்த்து வைத்தியம் பண்ண முடியாது. டிரைவர் பேச்சைக் கேட்காம எஸ்டிமேட் போடுறதும் அப்படித்தான்.

மெக்கானிக் அண்ணன்களுக்கு: உங்க கையும் காதும் எங்க ஸ்டெதஸ்கோப்புக்குச் சமம். ஒரு கோரிக்கைதான். வண்டியை ஜாக்கில ஏத்துறதுக்கு முன்னாடி டிரைவரைப் பக்கத்துல உட்கார வச்சு பத்து கிலோமீட்டர் ஓட்டிப் பாருங்க. அந்த நேரத்துக்கும் கூலி வாங்குங்க. வண்டிக்காரங்களும் அதைக் கொடுக்கணும். பார்ட்ஸுக்கு ஆயிரக்கணக்குல கொடுத்துட்டு, யோசிச்ச நேரத்துக்குக் காசு கொடுக்க யோசிக்கிறோம். கன்சல்டேஷன் ஃபீஸ்னு வச்சுக்கோங்க.

டிரைவர் அண்ணன்களுக்கு: இனி "பழகிப்போச்சு"ன்னு சொல்லாதீங்க. சர்க்கரை 300 இருந்தாலும் உடம்பு பழகிக்கும். பி.பி. 180 இருந்தாலும் பழகிக்கும். பழகுறதால நோய் போறதில்லை, உள்ளே வேலை செஞ்சுக்கிட்டேதான் இருக்கும். அதிர்வும் அப்படித்தான். நீங்க பழகிடுவீங்க, உங்க டிஸ்க் பழகாது, வீல் நட்டும் பழகாது.

இந்த ஏழு கேள்வியை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வண்டியில வச்சுக்கோங்க. அடுத்த தடவை ஒர்க் ஷாப் போகும்போது "வண்டி அதிருது, பாருங்க"ன்னு மட்டும் சொல்லாதீங்க. "72-ல் ஆரம்பிக்குது, 90-ல் குறையுது, ஃப்ளோர்ல தெரியுது, பஞ்சர் ஒட்டின நாள்ல இருந்து"ன்னு சொல்லுங்க.

பாதி வைத்தியம் அந்த ஒரு வரியிலயே முடிஞ்சிடும்.

உங்க வண்டி அதிர்வுக்கு உண்மையான காரணம் என்னன்னு கடைசியில தெரிஞ்சதுன்னா கீழே எழுதுங்க. அடுத்தவருக்கு உதவும்.